ஹும்மான் இரண்டு முறை மாட்டிய பின்விளக்கு

ஹும்மானின் கைகள் இரண்டும் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்தன. இடது கை விளக்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தது, அசையவில்லை. வலது கையின் கட்டைவிரல் கிளாம்ப்பின் திருகைத் தடவியது, தளரவில்லை. கிளாம்ப்புக்கும் கம்பிக்கும் நடுவே சுற்றியிருந்த பழைய டியூப் ரப்பர் நழுவாமல் இருந்தது. பொத்தானை அமுக்கியதும் சிவப்பு எரிந்தது. உள்ளங்கை சீட்டை ஓங்கி ஓங்கித் தட்டியது. விளக்கு ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

"எரியுதே! எந்தக் குருட்டுப் பய சொன்னான் எரியலன்னு?"

"சத்தம் போடாதீங்க, மஅல்லம். ஏற்கெனவே தெரு முழுக்க என் கதைதான் ஓடுது" என்றாள் யாம்னா. முழங்கையில் கட்டுப் போட்டிருந்தாள்.

முந்தின நாள் அந்தியில், ஆலிவ் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை முடிந்து ஸாஃபி சாலையில் வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த மூன்று சக்கர வண்டி அவளை இடித்துவிட்டது. சாலையோர மண்ணில் விழுந்ததால் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டி வந்தவன் வேறு யாருமில்லை, மராக்கெஷின் பாப் துக்காலா கோட்டை வாசலில் ஆரஞ்சு விற்கும் பூஜ்மா. அவனே தூக்கி உட்காரவைத்து, சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டான். அதுவரைக்கும் சரி. விட்டவன் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. வாசலில் நின்று, "இருட்டுல பின்விளக்கு இல்லாம பேய் மாதிரி போனா நான் என்ன பண்றது?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

அதைக் கேட்டவர்களில் யாம்னாவின் அண்ணன் மீலூத்தும் ஒருவன். கணவன் இறந்த பிறகு அவள் அவன் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள்.

"வியாழக்கிழமை சந்தைக்குச் சைக்கிளை ஓட்டிட்டுப் போயி வித்துடறேன்னு சொல்லிட்டான்" என்றாள். "தொழிற்சாலை வண்டி நம்ம பக்கம் வர்றதில்ல. சைக்கிள் போச்சுன்னா வேலையும் போச்சு. அப்புறம் அண்ணி கையை எதிர்பார்த்துக்கிட்டு அந்த மாடியிலயே உட்கார வேண்டியதுதான். நேத்து விளக்கு எரிஞ்சுது, மஅல்லம். கிளம்பறப்ப நானே பொத்தானை அமுக்கினேன். சொன்னா ஒருத்தரும் நம்பல."

"நான் நம்பறேன்" என்றார் ஹும்மான். ஸ்பேனரைச் சாக்கின் மேல் எறிந்துவிட்டு எழுந்தார். "மாட்டினவன் நான்."

கோட்டைச் சுவரை ஒட்டிய அந்தச் சந்தில் ஹும்மான் மஅல்லத்தை, அதாவது மேஸ்திரியை, அறியாதவர் இல்லை. சைக்கிளும் சரியாகும், திட்டும் சேர்ந்து கிடைக்கும் என்று சொல்லித்தான் ஆளை அவரிடம் அனுப்புவார்கள். யாரிடமும் தொழில் பழகியவர் அல்ல. இளவயதில் கழுதை வண்டிக்குச் சக்கரம் செய்யும் பட்டறையில் கூலிக்கு நின்றவர். யாரோ வீசியெறிந்த சைக்கிளைச் சாக்கில் பிரித்துப் பரப்பி, திரும்பப் பூட்டியபோது ஒரு வாஷர் மிஞ்சியது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் அந்த வாஷருக்காக முழுவதையும் மறுபடி பிரித்தார். அன்று வந்த பிடிவாதம் பிறகு போகவேயில்லை. பிரேக் கட்டைக்குப் பதில் செருப்புத் தோலை வைத்துக் கட்டி வந்தவனை, "உன் உயிர் உனக்கு வேண்டாம்னா போ, முன்னால போறவன் உயிரு உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர். எண்ணெய் காணாத சங்கிலி, கைப்பிடியில் தொங்கும் எரிவாயு உருளை, இரவல் கேட்டுத் திரும்பி வராத ஸ்பேனர் என்று எதைப் பார்த்தாலும் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அவர் பூட்டிய நட்டு வழியில் கழன்றது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. இப்போது ஒருவன் தெருவில் நின்று கத்தியிருக்கிறான்.

ஹும்மான் போய் நின்றபோது கோட்டை வாசலில் பூஜ்மா தள்ளுவண்டியில் ஆரஞ்சுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, அந்தத் துணியாலயே கண்ணையும் கொஞ்சம் துடைச்சுக்கறது!"

"சலாம்கூடக் கிடையாதா, மஅல்லம்?"

"சலாம் மனுஷனுக்கு. பொம்பளையை இடிச்சுத் தள்ளிட்டு அவ மேலயே பழியைப் போடறவனுக்கு என்ன சலாம்?"

"தூக்கி வீட்டுல கொண்டுபோய் விட்டது யாரு?"

"விட்டதோட வாயை மூடியிருக்கணும். அந்த விளக்கு எரிஞ்சுது."

"வல்லாஹி, சத்தியமா என் கண்ணுல சிவப்புங்கறதே படல. பட்டிருந்தா இடிப்பேனா? நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"விளக்கு நான் மாட்டினதுடா!"

"நீங்க மாட்டினா அது சூரியனா?"

பக்கத்தில் சுண்டல் விற்பவன் சிரித்தான். ஹும்மான் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் கரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

பூஜ்மாவும் விடுவதாக இல்லை. "நேத்து எப்படி உட்கார்ந்து போனாளோ அப்படியே உட்கார வைங்க. நேத்தைய நேரம், நேத்தைய வெளிச்சம். நான் இருந்த இடத்துல நீங்க நில்லுங்க. சிவப்பு தெரிஞ்சா இந்த வண்டி ஆரஞ்சு மொத்தமும் உங்களுக்கு."

"உன் ஆரஞ்சு யாருக்கு வேணும்? தெரிஞ்சா நீ மீலூத் வாசல்ல நின்னு, கெட்டது என் கண்ணுதான்னு நேத்துக் கத்தின அதே குரல்ல கத்தணும்."

"கத்தறேன். தெரியலன்னா?"

அதற்கு ஒரு பதில் வேண்டும் என்றே ஹும்மானுக்குத் தோன்றவில்லை. திரும்பி நடந்தார்.

மாலை, மக்ரிப் தொழுகை முடிந்து வெளிச்சம் மங்கியபோது கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கும் மண்பாதையில் கூடினார்கள். யாம்னா முந்தின நாள் போட்டிருந்த அதே பழுப்புக் கம்பளி ஜல்லாபாவோடு, கால்வரை தொங்கும் அந்தத் தொளதொள அங்கியோடு, வந்திருந்தாள். மீலூத் கைகளைப் பைக்குள் விட்டபடி ஒதுங்கி நின்றான். ஹும்மான் தன் கையாலேயே பொத்தானை அமுக்கி, சிவப்பு எரிவதை எல்லோருக்கும் காட்டி, சைக்கிளை அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"மஅல்லம், சுவத்துல என்ன படமா ஓடுது?" என்றான் பூஜ்மா.

"அவ ஏறட்டும்."

"ஏறியாச்சு, போறா. திரும்புங்க."

"பின்னாலேர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கில்ல."

அது வீம்பல்ல. ஒரு பெண் சைக்கிளில் ஏறும்போது பின்னால் நின்று பார்ப்பவனை அந்தச் சந்தில் யாரும் மதிப்பதில்லை. சீட்டைச் சரிசெய்தாலும் சங்கிலியை மாற்றினாலும் ஹும்மான் வண்டியைச் சந்துக்குத் தள்ளிவந்து கொடுத்துவிட்டு, அவள் ஏறுவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடை வைத்த நாளிலிருந்து அப்படித்தான். அதனாலேயே பெண்கள் கூச்சமில்லாமல் அவரிடம் வண்டியை விட்டார்கள்.

யாம்னா காலை ஊன்றி நிறுத்தித் திரும்பினாள். "பின்னால வர்ற லாரிக்காரன் பார்க்கணும்னுதானே இந்த விளக்கு? அவன் பார்க்கலாம், நீங்க பார்க்கக் கூடாதா? பாருங்க, மஅல்லம். இல்லன்னா வியாழக்கிழமை சந்தையில போயிப் பாருங்க!"

ஹும்மான் திரும்பினார்.

அவள் மிதித்தாள். அவர் சிவப்பைத் தேடினார். தோளிலிருந்து வழிந்த பழுப்புக் கம்பளிதான் தெரிந்தது. அது சீட்டை மூடி, சீட்டுக் கம்பியை மூடி, கேரியரின் முன்பாதி வரை படர்ந்து கிடந்தது. பாதையின் இருட்டும் கம்பளியின் நிறமும் ஒன்றாக, சற்று தூரத்தில் அவளே இருக்கிற இடம் தெரியவில்லை.

"பொத்தானை அமுக்கும்மா!" என்று கத்தினார்.

"எரியுது!"

பாதையில் ஒரு மேடு. அவள் சீட்டிலிருந்து எழும்பினாள். துணி தூக்கியதும் உள்ளிருந்து சிவப்பு கங்கு போல எட்டிப் பார்த்தது. உட்கார்ந்தாள், போய்விட்டது.

ஜெயித்த பூஜ்மா சிரிக்கக்கூட இல்லை. "நான் பொய் சொல்லல, மஅல்லம்" என்று மட்டும் சொன்னான்.

"அவளும் சொல்லல" என்றார் ஹும்மான்.

மீலூத் பைக்குள்ளிருந்து கையை எடுத்தான். "ஆக, விவகாரம் முடிஞ்சுது. இல்லன்னா ஒண்ணு செய்யுங்க, ஜல்லாபாவைத் தூக்கி இடுப்புல செருகிட்டுப் போகச் சொல்லுங்க. ஊரே நின்னு வழிவிடும்."

"வாயைக் கழுவுடா! உன் தங்கச்சிடா அவ!"

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கு அவ அடிபட்டுச் செத்தா ஊரு என்னைத்தானே கேட்கும்?"

"ஊரு கேட்கும்னு பயப்படறியா, இல்ல அவ செத்துடுவான்னு பயப்படறியா? முதல்ல அதைச் சொல்லு!"

மீலூத்தின் முகம் மாறியது. செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

ஹும்மானின் கோபம் போக இடமில்லாமல் சுற்றியது. மற்றவர்கள் பின்தொடரக் கடைக்குத் திரும்பி, அந்த விளக்கு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தார். அதில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் முதுகை வளைத்துச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். சீட்டுக்கு அடியில் ஓர் அம்புக்குறி.

"இவன் எந்த ஊர்க்காரன்? இவனுக்குக் குளிராதா? இவனுக்கு அக்கா தங்கச்சியே கிடையாதா? அம்பு போட்டான், நானும் கழுதை மாதிரி அம்பு காட்டின இடத்துல மாட்டினேன். ஆளில்லாத வண்டியில எரியவச்சுப் பார்த்துட்டுப் பிரமாதம்னு நெனைச்சுக்கிட்டேன்." பெட்டியைக் கசக்கி எறிந்தார். பிறகு குரல் இறங்கியது. "பிரசவம் பார்க்கிற அந்த அம்மா வண்டி, பள்ளிக்கூடம் கூட்டற ஆயா வண்டி, ரொட்டி விக்கிற அக்கா தங்கச்சி வண்டி. எல்லாத்துக்கும் சீட்டுக்கடியிலதான் மாட்டியிருக்கேன். அத்தனை பேரையும் இருட்டுல அனுப்பியிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் குட்டையா ஒரு ஜல்லாபா தைச்சுக்கறேன்" என்றாள் யாம்னா.

"எதுக்கு? தப்பா மாட்டினது நான், நீ எதுக்குக் குளிர்ல விறைக்கணும்? துணிக்கு விளக்குதான் ஒதுங்கிப் போகணும்." மீலூத் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை இன்னும் வரல இல்ல? அதுவரைக்கும் வண்டி என் கடையில இருக்கும். எவன் தொடறான்னு பார்க்கறேன்."

மறுநாள் வேறு யாருடைய வண்டியையும் அவர் தொடவில்லை. தகர டப்பாவில் இருந்த விளக்குகளையெல்லாம் சாக்கில் கொட்டினார். யாம்னா கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாவது ரப்பர் வாரால் மாட்டுவது. வாரை இழுத்து விட்டார். "மராக்கெஷ் வெயில்ல இது ஒரு கோடை தாங்காது. கல்லு பாவின சந்துல மொத நாளே குதிச்சு ஓடிடும்." ஓரமாகப் போட்டார். இரண்டாவது நேராகப் பார்த்தால் ஊசி போலக் கண்ணைக் குத்தியது. கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் ஒன்றுமே தெரியவில்லை. "குறுக்குச் சந்துல இருந்து வர்றவனுக்கு நீ இருக்கிறதே தெரியாது." அதுவும் போயிற்று. மூன்றாவது கல்யாண வீட்டுத் தோரணம் போலத் துள்ளித் துள்ளி மின்னியது.

"இது வேண்டாம்" என்றாள் யாம்னா. "இந்த மாதிரி ஒண்ணு வச்சிருக்கிறவ பின்னால நான் போயிருக்கேன். கிட்ட இருக்காளா தூரத்துல இருக்காளான்னே தெரியல."

ஹும்மான் அதை அணைத்துவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தார். "அது சரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை சுலபத்தில் வராது.

கடைசியாக எடுத்தது உள்ளங்கை அகலத்தில் தடித்த சிவப்பு மூடியோடு இருந்தது. மூன்று பக்கமும் ஒரே சீராக எரிந்தது. மூடியின் கீழ்ப்பாதியில் எதிரொளிக்கும் பட்டை. பேட்டரி தீர்ந்தாலும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை அது திருப்பிக் கொடுக்கும். பேட்டரி அறையின் மூடி திருகு போட்டு இறுக்குவது. முதுகில் இரண்டு இரும்பு போல்ட்டுகள்.

"குதிரை வண்டியில மாட்டறது மாதிரி இருக்கே!"

"குதிரை வண்டியை யாரும் இடிக்கலையே!"

யாம்னா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அவளுடைய கேரியர் வளைந்த கம்பியில் முடிந்தது. அங்கே விளக்கு உட்காரத் தகடு கிடையாது. ஹும்மான் ஒரு பட்டை இரும்பை ரம்பத்தால் அறுத்து, போல்ட்டுகளுக்குச் சரியாகத் துளையிட்டார். விளிம்புகளை அரத்தால் ராவினார். ராவியபின் தன் சட்டைக் கையை அதன்மேல் இழுத்துப் பார்த்தார். ஓர் இழை மாட்டியது. மறுபடி ராவினார்.

"கேரியர்ல என்ன கட்டுவே?"

"வழியில காய்கறி வாங்குவேன். ஓலைக்கூடை. பின்னால ஒரு கையகலம் நீட்டிக்கிட்டு இருக்கும்."

"இதை நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து நீங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

அவர் உறுமினார். ஆனால் தகட்டைக் கேரியரின் மேலிருந்து எடுத்து, கம்பியின் அடிப்பக்கம் தொங்குகிற மாதிரி மாற்றினார். அங்கே கூடை மறைக்காது, ஜல்லாபாவின் விளிம்பும் எட்டாது. இரும்போடு இரும்பு உரசினால் ஏதாவது ஒன்று தளர்ந்துவிடும் என்பதால் இடையில் டியூபை வட்டமாக வெட்டி வைத்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு நட்டு. முதலாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை அதன் முதுகில் ஏற்றினார். ஒரு நூலில் வாஷரைக் கட்டித் தொங்கவிட்டு, விளக்கின் முகம் அதற்கு இணையாக நிற்கும்வரை திருப்பினார். வானத்தைப் பார்க்கிற விளக்கு பறவைகளுக்குத்தான் உதவும் என்று முணுமுணுத்தார்.

"தொழிற்சாலைக் காவல்காரர் வண்டிகளை ஒண்ணோட ஒண்ணு இடிச்சுத்தான் அடுக்குவாரு" என்றாள் யாம்னா. "பின்னால இருக்கிற வண்டிச் சக்கரம் நேரா இதுமேலதான் வந்து முட்டும்."

"அந்த ஆளை இங்க கூட்டிட்டு வா, அவரை அடுக்கறேன்!" என்று கத்திவிட்டு, தடித்த கம்பியை வளைத்து விளக்கைச் சுற்றி ஒரு வளையம் போட்டார். முட்டினால் கம்பியில் முட்டட்டும்.

முடித்ததும் பின்சக்கரத்தை முழங்கால் உயரம் தூக்கிக் கல்தரையில் போட்டார். மறுபடி தூக்கிப் போட்டார். விளக்கு அசையவில்லை. ஒரு நட்டு மட்டும் மயிரிழை நகர்ந்த மாதிரி அவருக்குப் பட்டது. அதைக் கழற்றி வேறொன்று போட்டார்.

"இப்ப ஏறி உட்காரு" என்றார். சந்தின் நடுவில் போய், இடுப்பில் கைவைத்து, அவளுக்கு நேர் பின்னால் நின்றார். உட்கார்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், வலது பக்கம் போய்ப் பார்த்தார்.

எதிரே ரொட்டி அடுப்புக்காரன் கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன ஹும்மான், இந்த வயசுலயா?" என்றான்.

"ஆமாடா, இந்த வயசுலதான் பார்க்கக் கத்துக்கிட்டேன். உன் பொண்டாட்டி வண்டியிலயும் நான்தான் தப்பா மாட்டியிருக்கேன். சிரிக்கறதை விட்டுட்டு நாளைக்கு அதைக் கொண்டு வா!"

அடுப்புக்காரன் சிரிப்பதை நிறுத்தினான்.

அந்தியில் பூஜ்மா மூன்று சக்கர வண்டியோடு வந்தான். ஹும்மான் முதலில் அதன் முன்விளக்கைப் பார்த்தார். மண்ணும் ஆரஞ்சுச் சாறும் காய்ந்து அப்பியிருந்தன. "இந்தப் பீளைக் கண்ணை வச்சுக்கிட்டுத்தான் அவளைப் பேய்ன்னு சொன்னியா?" என்று தன் துணியாலேயே அழுத்தித் துடைத்தார்.

"துடைங்க, துடைங்க. நேத்து அந்தச் சிவப்பு உங்க கண்ணுலயும்தான் படலையே, மஅல்லம்" என்றான் பூஜ்மா. அது உறைத்தது. ஹும்மான் துடைப்பதை நிறுத்தாமலே பல்லைக் கடித்துக்கொண்டார்.

மீலூத்தை அந்த வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அவன் தயங்கி ஏறினான். யாம்னா அதே பழுப்பு ஜல்லாபாவில், கேரியரில் ஓலைக்கூடையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனாள். கொஞ்சம் இடைவெளி விட்டு வண்டி கிளம்பியது. ஹும்மான் கோட்டை வாசலிலேயே நின்றார். முதலில் "தெரியுது!" என்ற பூஜ்மாவின் குரல் கேட்டது. பிறகு இன்னும் தூரத்திலிருந்து, "இப்பவும் தெரியுது!" அதன்பின் இன்னொரு குரல், தயக்கத்தோடு, "மேட்டுல போறப்பவும் தெரியுது." அது மீலூத்தின் குரல்.

திரும்பி வந்ததும் ஹும்மான் சைக்கிளை வாங்கி ஸ்டாண்டில் ஏற்றி, நான்கு நட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. துணியால் விளக்கின் முகத்தைத் துடைத்து, ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

மீலூத் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து கைப்பிடிக்குக் கை நீட்டினான். "சரி மஅல்லம், குடுங்க. நானே வீட்டுக்குத் தள்ளிட்டுப் போறேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் ஹும்மான். "நீயா நாளைக்கு மிதிக்கப்போறே?"

அவன் கையைத் தாண்டி வண்டியை அரைவட்டமாகத் திருப்பி, யாம்னாவின் முன்னால் நிறுத்தினார். "அடுத்த வாரம் இதே நாள் கொண்டு வா, நட்டைப் பார்க்கணும். வராம இருந்தே, அப்புறம் என் வாயைத் தெரியும்." அவளுடைய இரண்டு கைகளும் கைப்பிடியை இறுகப் பிடித்த பிறகுதான் தன் கையை எடுத்தார்.